பீலி அந்தப் பக்கம், ஓட்டு இந்தப் பக்கம்

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிஷன் பீலியடியில் ஒரு வாக்குவாதம் (பீலி என்றால் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற குழாயடி). மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் நடுவில் ஒரு ஓடை. கோயில் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, கொழுந்து போய்ச் சேருகிற ஃபெக்டரியும் ஒன்றுதான். ஆனால் புது வட்டாரப் பிரிப்பில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வட்டாரம், இந்தப் பக்கம் வேறொன்று. தண்ணீர் ஊற்றெடுக்கிற இடம் மேல் டிவிஷன் மலையில், அங்கேயிருந்து குழாயில் இறங்கித்தான் எங்கள் பீலிக்கு வரவேண்டும். பென்ஷன் வாங்கிய பழைய கங்காணி ஒருத்தர் வாளியை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, பீலி அந்தப் பக்கம், நம்ம ஓட்டு இந்தப் பக்கமா? குழாய் ஒடஞ்சா எந்த மெம்பர்கிட்ட போய் நிக்கிறது?"

அன்றைக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. அப்புறம் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, மலையகத்து அரசியலில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கோடு எங்கே விழுகிறது என்பது ஒரு பக்கம். கோடு போடுவதற்கு முன்னால் யாரை ஆளாக எண்ணினார்கள் என்பது இன்னொரு பக்கம். நம்ம கதையில் இந்த இரண்டாவதுதான் பெரியது என்பது என் கருத்து.

முதலில் கோட்டுக் கணக்கைப் பார்த்துவிடலாம், அது சுலபம். ஒரு பள்ளத்தாக்கை மனதில் வையுங்கள், 9,000 வாக்காளர்கள், அதில் தோட்டத்தில் 4,000, கிராமத்திலும் டவுனிலும் 5,000. 3,000 பேருக்கு ஒரு வட்டாரம் என்று மூன்று வட்டாரம் பிரிக்க வேண்டும். தோட்டத்து 4,000 பேரை இரண்டு வட்டாரத்தில் 2,000, 2,000 ஆகப் போட்டு மூன்றாவதை முழுக்கக் கிராமத்துக்கு விட்டால் தோட்டத்துப் பக்கம் இரண்டு மெம்பர். அதே 4,000 பேரை 1,300, 1,300, 1,400 என்று மூன்றிலும் தூவிவிட்டால் எல்லா இடத்திலும் குறைந்த பக்கம், ஒரு மெம்பர்கூட இல்லை. 3,000 பேரை ஒரே வட்டாரத்தில் அடைத்துவிட்டு மிச்சம் ஆயிரத்தை மற்ற இரண்டிலும் ஐந்நூறு ஐந்நூறாகப் போட்டால் ஒன்று கிடைக்கும், அந்த ஒரு வட்டாரத்தில் தேவைக்கு மேல் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு சும்மா குவிந்து கிடக்கும். ஒரு வாக்காளர்கூட இடம் மாறவில்லை, ஒருத்தர்கூட மனம் மாறவில்லை, ஆனால் முடிவு இரண்டாகவும் பூச்சியமாகவும் ஒன்றாகவும் மாறிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி கையெழுத்திட்ட ஒரு தொகுதி வரைபடம் பல்லி மாதிரி வளைந்து நெளிந்து கிடந்ததால், அவர் பெயரையும் சாலமாண்டர் என்ற அந்தப் பிராணியின் பெயரையும் ஒட்டி "கெரிமாண்டரிங்" என்று இந்த வேலைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

(தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஒரே பக்கம்தான் குத்துவார்கள் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அது துரைமார் காலத்து நினைப்பு. ஒரே லயத்து வரிசை வீடுகளில் மூன்று தொழிற்சங்கத்துக்குச் சந்தா போகிற ஊர் நம்மது. கணக்கு புரிவதற்காக மட்டும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, இப்போது தலை எண்ணுகிற கதைக்கு வருவோம்.

1931-இல் டொனமூர் அரசியல் யாப்போடு சர்வஜன வாக்குரிமை வந்தது. அரசாங்க சபைக்குத் தலவாக்கலை, ஹட்டன் தொகுதிகளில் இருந்து நம்ம ஆட்கள் போனார்கள், 1936-இல் ஹட்டனில் கோ. நடேசய்யர் வென்றார். அடுத்தது சோல்பரி யாப்பு. அதில் தொகுதி பிரிக்க ஒரு சூத்திரம் இருந்தது: 75,000 பேருக்கு ஒரு ஆசனம், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஒரு ஆசனம். நிலத்துக்கும் ஆசனம் கொடுத்ததற்குக் காரணம், ஆள் அடர்த்தி குறைந்த பின்தங்கிய மாகாணங்கள் கொழும்பிடம் அடிபட்டுப் போகக் கூடாது என்பது. நிலத்துக்காக 25, ஆட்களுக்காக 70, மொத்தம் 95 தெரிவு உறுப்பினர்கள், மேலே 6 நியமன உறுப்பினர்கள். 1947 தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, பதுளை போன்ற தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. காங்கிரஸ் நிற்காத பல மலையகத் தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது, அதுவும் அன்றைய அரசாங்கத்தின் கண்ணில் நன்றாகவே பட்டது.

அடுத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949-இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே வருடம் பிரஜை அல்லாதவரை வாக்காளர் இடாப்பில் இருந்து எடுக்கிற தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தலில் தோட்டத்து மக்களின் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. இதுவரை நாம் மேடையில் கேட்ட கதைதான்.

மேடையில் அவ்வளவாகச் சொல்லாத பகுதி அடுத்தது. ஓட்டை எடுத்தார்கள், ஆனால் எண்ணிக்கையில் இருந்து நம்மை எடுக்கவில்லை. சூத்திரம் சொன்னது 75,000 "ஆட்களுக்கு" ஒரு ஆசனம். வாக்காளர் என்றோ பிரஜை என்றோ சொல்லவில்லை. குடிசன மதிப்பீட்டில் வருகிற தலை எல்லாம் கணக்கு. கொழுந்து எடுக்கிற அம்மா, லயத்தில் தவழ்கிற பிள்ளை, நாடற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட தாத்தா, எல்லாரும் மத்திய மாகாணத்துக்கும் ஊவாவுக்கும் சப்ரகமுவவுக்கும் ஆசனம் கூட்டிக் கொடுத்தார்கள். அந்த ஆசனத்துக்கு யார் போவது என்று தீர்மானிக்கும்போது மட்டும் அவர்கள் இல்லை.

இதை எண்ணில் போட்டால்தான் உறைக்கும். மலையகத்தில் 75,000 பேர் கொண்ட ஒரு தொகுதி, அதில் 50,000 பேர் பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து மக்கள் என்று வையுங்கள். மிச்சம் 25,000 பேரில் வயது வந்தவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு ஒரு முழு எம்.பி.யை அனுப்பலாம். மாத்தறையிலோ காலியிலோ 75,000 பிரஜைகள் சேர்ந்தால்தான் ஒரு எம்.பி. அதாவது மலையகத்துக் கிராமத்து ஓட்டு ஒன்றுக்குத் தெற்கத்தி ஓட்டைப் போல மூன்று மடங்கு கனம், அந்தக் கூடுதல் கனம் பக்கத்து லயத்து ஆட்களின் தலையில் இருந்து வந்தது. 1959-இல் மறுபடி எல்லை பிரித்து 145 தொகுதி, 151 உறுப்பினர் என்று ஆக்கியபோதும் அதே மாதிரித்தான் தலையை எண்ணினார்கள். கண்டிச் சிங்களவருக்குக் கூடுதல் பிரதிநிதித்துவம் கிடைத்ததைப் பற்றி அரசியல் ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு வாத்தியாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

இதற்கு எதிராக வழக்குப் போனதும் உண்டு. கேகாலை மாவட்டத்து றுவன்வெல்ல தொகுதி இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடக்கன் பிள்ளை என்பவர், இந்தச் சட்டங்கள் ஒரு சமூகத்துக்கு எதிராகப் பாரபட்சம் காட்டுகின்றன, ஆகவே சோல்பரி யாப்பின் 29-ஆவது பிரிவுக்கு முரண் என்று வாதாடினார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953-இல் அன்றைக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் தள்ளியது: பிரஜை யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை, இது ஒரு சமூகத்தைக் குறிவைத்த சட்டம் இல்லை என்று. எழுத்தில் பார்த்தால் உண்மைதான், சட்டத்தில் எங்கேயும் "தோட்டத்துத் தமிழர்" என்ற வார்த்தை கிடையாது. எல்லைக் கோடும் இதே குணம் உள்ளது. வரைபடத்தில் யாருடைய இனமும் எழுதியிருக்காது, ஓடையும் ரோடும், அரசாங்க நிர்வாகத்தின் ஆகச் சின்ன அலகான கிராம சேவகர் பிரிவின் இலக்கமும்தான் இருக்கும்.

அந்த 25 வருடத்தில் பாராளுமன்றத்தில் மலையகக் குரல் என்றால் நியமன ஆசனம்தான். தொண்டமான் 1960-இலும் 1965-இலும் அப்படித்தான் உள்ளே போனார். நியமித்தவர் மனம் கோணாமல் பேச வேண்டிய ஆசனம் அது. நடுவில் 1964-இல் ஸ்ரீமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தது. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974-இல் சரிபாதியாக வெட்டினார்கள். கப்பலேறியவர்களின் கதை தனிக் கதை, இங்கே தொடவில்லை.

1976 எல்லை நிர்ணயம்தான் இன்றைக்கும் நம் தலைக்கு மேல் நிற்கிறது. 160 தொகுதி, 168 உறுப்பினர். எட்டு பேர் எப்படிக் கூடினார்கள் என்றால், ஆறு தொகுதிகளைப் பல அங்கத்தவர் தொகுதி ஆக்கினார்கள். பல இனம் கலந்து வாழ்கிற இடத்தில் ஒரே ஒருவரைத் தெரிவு செய்யச் சொன்னால் சிறுபான்மைக்கு எப்போதும் வெறுங்கை, அதனால் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்பலாம் என்ற யோசனை. கொழும்பு மத்திக்கு மூன்று, மட்டக்களப்பு, பொத்துவில், பேருவளை, ஹாரிஸ்பத்துவ நாலுக்கும் இரண்டிரண்டு. மூன்று பேர் போகிற இன்னொரு தொகுதிதான் நுவரெலியா மஸ்கெலியா. 1977 ஜூலையில் அங்கே முதலாவதாக காமினி திசாநாயக்க, இரண்டாவதாக அனுர பண்டாரநாயக்க, மூன்றாவதாக தொண்டமான். முப்பது வருடம் கழித்து ஓட்டுப் பெட்டியில் இருந்து எழுந்து வந்த முதல் மலையக எம்.பி. மூன்றாவதாக வந்து உள்ளே போனார் என்பதைக் கவனியுங்கள். அந்தத் தொகுதியை ஒற்றை ஆள் தொகுதியாக விட்டிருந்தால் அவர் தோற்றவர் பட்டியலில் கிடந்திருப்பார். எல்லைக் கோடு நமக்குச் சாதகமாக வேலை செய்த ஒரு தடவை என்று இதைத்தான் நான் காட்டுவேன்.

அடுத்த வருடமே 1978 யாப்பு வந்து ஆட்டத்தையே மாற்றியது. விகிதாசாரம். 22 தேர்தல் மாவட்டங்களில் இருந்து 196 ஆசனம், 1988 திருத்தத்தில் 29 தேசியப் பட்டியல் ஆசனம் (நாடு முழுக்கக் கட்சி எடுத்த ஓட்டுப்படி கிடைப்பது) சேர்ந்து மொத்தம் 225. 196-இல் 36 ஒவ்வொரு மாகாணத்துக்கும் நாலு என்று சமமாகப் போகும், சோல்பரி காலத்துச் சதுர மைல் ஆசனத்தின் மருமகன் மாதிரி. மிச்சம் 160 பதிவான வாக்காளர் எண்ணிக்கைப்படி. இந்த முறையில் தொகுதிக் கோடு கிட்டத்தட்டச் செத்துப்போகிறது, மாவட்டம் முழுக்க ஓட்டை அள்ளிக் கூட்டிப் பங்கு பிரிக்கிறார்கள். சிதறி வாழ்கிற ஆட்களுக்கு இது நல்லது. பதுளையில் பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று பரந்து கிடக்கிற ஓட்டு ஒன்றாகச் சேருகிறது, கண்டியிலும் அப்படி. இரத்தினபுரி, கேகாலை பக்கம் மட்டும் அவ்வளவு சேர்த்தும் ஒரு ஆசனத்தை எட்டிப் பிடிப்பது இழுபறிதான்.

இப்போது தலை எண்ணிக்கை வேறு வேஷத்தில் வருகிறது, இந்தத் தடவை குடிசனத் தலை இல்லை, வாக்காளர் தலை. ஆசனம் இடாப்புக்குப் பின்னாலேயே ஓடும். யாழ்ப்பாணத்துக்கு 2010-இல் 9 ஆசனம், 2015-இல் 7, 2024-இல் 6. யாரும் போய் அங்கே கோடு மாற்றவில்லை, ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள், இடாப்பு மெலிந்தது, ஆசனம் கழன்றது. நுவரெலியா இதே காலத்தில் 7-இல் இருந்து 8 ஆனது, பதுளை 2020-இல் 8-இல் இருந்து 9. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் பெரும்பாலும் பெயரைத் தோட்டத்து விலாசத்திலேயே வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வருகிற மாதிரி தேர்தலுக்கும் பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் வெட்டுப்பட்டால் நட்டம் அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், மாவட்டத்து ஆசனக் கணக்கிலும் ஒரு தலை குறைகிறது.

1976-இன் 160 தொகுதி இன்றும் இருக்கிறது, ஓட்டு எண்ணுகிற பிரிவாக. நுவரெலியா மாவட்டத்தில் நாலு: நுவரெலியா மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. முதலாவதில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேலே வாக்காளர்கள். மற்ற மூன்றையும் கூட்டினாலும் அதைப் பிடிக்க முடியாது. நாட்டிலேயே மிகப் பெரிய தொகுதி. பாராளுமன்றத்துக்கும் தொகுதி கலந்த முறை கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக ஓடுகிறது. வந்தால் இந்த மூன்று இலட்சத்தை எப்படி வெட்டுவது, அல்லது வெட்டாமல் இரண்டு மூன்று ஆள் தொகுதியாக விடுவது என்பதில்தான் மலையகத்தின் கணக்கு தங்கியிருக்கும்.

கீழே, உள்ளூராட்சிக்கு வந்தால் இதைவிடக் கூத்து. நுவரெலியா பிரதேச சபை, அம்பகமுவ பிரதேச சபை என்று இரண்டே இரண்டு சபைதான் 2018 வரைக்கும் மாவட்டத்துத் தோட்டங்களில் பெரும் பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்தன, இரண்டிலும் சேர்த்து நாலு இலட்சத்துச் சொச்சம் ஆட்கள். வேறு மாவட்டங்களில் அம்பதாயிரம், அறுபதாயிரத்துக்கு ஒரு சபை இருக்கிறது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறவர் கினிகத்தேனைக்குப் போய்த்தான் அம்பகமுவ சபையில் காரியம் பார்க்க வேண்டும். காலையில் தோட்டத்தில் இருந்து இறங்கி டவுனுக்கு வந்து, ஹட்டன் பஸ் பிடித்து, ஹட்டனில் மாறி, வட்டவளை தாண்டிப் போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், பஸ் காசு தனி. தமிழ் முற்போக்குக் கூட்டணி போன்ற கட்சிகள் விடாமல் கேட்டதில், அம்பகமுவ மூன்றாகப் பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா என்று இரண்டு புதுச் சபை கிடைத்தது. நுவரெலியாவும் மூன்றாகி, கொட்டகலை, அக்கரப்பத்தனை புதிதாக வந்தன. இரண்டு சபை ஆறானது. 2018 தேர்தல் இந்த ஆறுக்கும் சேர்த்துத்தான் நடந்தது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆவது பிரிவைக் காட்டி, தோட்டம் தனியார் நிலம் மாதிரி, அங்கே சபைக் காசில் ரோடு போட முடியாது என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் ஓட்டுப் போட்டு மெம்பரை அனுப்பலாம், அந்த மெம்பர் அவர்கள் லயத்துக்கு ஒரு கானைக்கூட வெட்டித் தர முடியாது. 2018-இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். எல்லைக்குள்ளே இருப்பதும் கணக்கில் இருப்பதும் வேறு வேறு என்று நான் சொல்வது இதை வைத்தும்தான்.

பிரதேச செயலகமும் இதே கதை. நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து இருந்ததைப் பத்தாக்க 2019-இல் வர்த்தமானி (அரசிதழ் அறிவித்தல்) வந்தது, நோர்வூடும் தலவாக்கலையும் அந்தப் பட்டியலில் இருந்தன. வர்த்தமானி வருவது ஒரு நாள் வேலை, கட்டடமும் உத்தியோகத்தரும் தமிழ் தெரிந்த கிளார்க்கும் வருவது வேறு வேலை.

பழையபடி பீலிக்கு வருவோம். உள்ளூராட்சியில் இப்போது கலப்பு முறை: 60 வீதம் வட்டாரத்தில் இருந்து, 40 வீதம் விகிதாசாரத்தில். அதனால் வட்டாரக் கோட்டுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. அந்தக் கோட்டைப் போடுகிறவர்கள் கையில் எடுக்கிற செங்கல் கிராம சேவகர் பிரிவு. கிராமத்துப் பக்கம் ஒரு பிரிவில் சில நூறு குடும்பம் இருக்கும். தோட்டத்துப் பக்கம் அதே ஒரு பிரிவில் இரண்டு மூன்று தோட்டம் அடங்கி ஆயிரக் கணக்கில் ஆட்கள். செங்கல்லே கோணல், சுவர் எப்படி நேராக நிற்கும்? தோட்டத்துக்குள்ளே டிவிஷன் எல்லை வேறு, வெள்ளைக்காரத் துரை தேயிலை மலையைப் பார்த்துப் போட்டது. லயத்து ஆட்கள் எங்கே கோயில் கட்டுவார்கள், எங்கே தண்ணீர் எடுப்பார்கள் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். அவர் போட்ட கோட்டுக்கு மேலே கிராம சேவகர் கோடு, அதற்கு மேலே வட்டாரக் கோடு, எல்லாம் ஏறி ஏறி நம்ம ஓடையில் வந்து நின்றது.

இதே கலப்பு முறையை மாகாண சபைக்கும் கொண்டுவர 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அங்கே பாதிக்குப் பாதி. க. தவலிங்கம் தலைமையில் ஐந்து பேர் குழு 222 தொகுதி பிரித்து அறிக்கை கொடுத்தது. தமிழ், முஸ்லிம் கட்சிகளுக்கெல்லாம் பயம், சிதறி வாழ்கிற ஆட்களின் பங்கு இதில் கரைந்துபோகும் என்று. 2018 ஓகஸ்ட் 24 பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. எதிராக 139, ஆதரவாக ஒன்றுகூட இல்லை, அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்துக் கை தூக்கினார். சட்டப்படி பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு உட்கார்ந்து இரண்டு மாதத்தில் முடித்திருக்க வேண்டும். இதை எழுதுகிற வரைக்கும் முடிந்தபாடில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புது முறைக்கு எல்லை இல்லை, ஆகவே மாகாண சபைத் தேர்தலே இல்லை. மத்திய மாகாணத்தில் கடைசியாக ஓட்டுப் போட்டது 2013-இல், ஊவாவில் 2014-இல். கோடு போட முடியாததால் மொத்தத் தேர்தலும் தொலைந்த கதை வேறு எந்த நாட்டில் இருக்கிறதோ.

எப்படியும் ஒரு நாள் எல்லைக் குழு மறுபடி உட்காரும், மக்களிடம் மனுக் கேட்டுப் பத்திரிகையில் அறிவித்தல் வரும், அதைக் கட்சி ஒபிசில் ஒருத்தர் வாசித்துவிட்டு மடித்து வைப்பார். அந்த மனுவைத் தோட்டத்துக் கோயில் கமிட்டியோ மாதர் சங்கமோ நேரே எழுதலாம், தடை எதுவும் இல்லை. எழுதினால் "எங்கள் சமூகத்துக்கு நீதி வேண்டும்" என்று தொடங்காமல், கிராம சேவகர் பிரிவு இலக்கம், அதற்குள் வருகிற டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை லயம், எத்தனை வாக்காளர், ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடம் எத்தனை மைல், பீலிக்குத் தண்ணீர் எந்த மலையில் இருந்து வருகிறது என்று எழுதுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய கங்காணி இப்போது இல்லை. அவர் கேட்டதையும் ஒரு வரியாகச் சேர்த்து நாங்கள் ஒரு மனு எழுதி, ஓடையைப் பென்சிலால் வரைந்து, கோயில் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருக்கிறோம்.